சமாரியச்சி வீட்டுத் தேத்தண்ணி

"எனக்குச் சோடா சரிவராது அக்கா, வாய்வு. ஒரு பிளேன்ரீ ஊத்தித் தாறீங்களோ?"

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர் ஜெனுஷன் இப்படிக் கேட்டபோது, என் கணவர் பிறேம் ஒரு கையில் சோடாப் போத்தலும் மறு கையில் திறப்பானுமாக நின்றார். போத்தலைத் திறக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அறைக்குள் படித்துக்கொண்டிருந்த மகள் லவீனா கதவுச் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கரவெட்டிக்காரர், வயது முப்பதுகூட இராது. எங்கள் பண்டத்தரிப்புப் பக்கத்து வழமைகளை அவருக்கு இன்னும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வெய்யிலில் மோட்டார் சைக்கிளில் வந்த மனிதர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு தேத்தண்ணி கேட்டார். அவ்வளவுதான்.

குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். என் வாய்க்குப் பயந்து அரிசி மூட்டைக்காரன்கூட நிறையைச் சரியாகத் தருவான். அப்படிப்பட்டவள் ஒரு பிளேன்ரீ ஊற்றத் தடுமாறினேன் என்றால் பாருங்கள். சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டேன். போதகர் அதை வாயில் வைத்து, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, "நல்ல தேத்தண்ணியக்கா" என்றார். பாவம், சீனிப்பாணி குடித்ததுபோல இருந்திருக்கும். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

விஷயம் இதுதான். தேவாலயத்தைச் சுற்றியிருக்கிற இடத்தைச் சேர்ச்சடி என்போம். அங்கிருந்து யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சோடாதான். சோடா கொம்பனியில் அடைத்து மூடி போட்டு வருவது. எங்கள் கை அதில் படவில்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதில் இல்லை, எங்கள் அடுப்பு அதற்கு எரியவில்லை. எங்கள் குறுக்கு ஒழுங்கை முகப்பில், வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு இருக்கிறது. மதகுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் இருப்பது சாதி. அந்தச் சொல்லை எங்கள் சபையில் யாரும் வாயால் எடுப்பதில்லை, எடுக்கத் தேவையுமில்லை, சோடா எல்லாவற்றையும் சொல்லிவிடும். தேவாலயத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே பாட்டைப் பாடுகிறோம். என் கடையில் அரிசி, பருப்பு, சவர்க்காரம் எல்லாம் என் கையால் வாங்குகிறார்கள். ஆனால் அப்பா செத்த வீட்டிலும் சோடாதான், என் கலியாணத்துக்கும் சோடாதான், லவீனாவின் திடப்படுத்தல் ஆராதனைக்கும் சோடாதான். எல்லோருக்கும் ஒரே கிண்ணமாக இருந்த இராப்போசனத்துக்குக்கூடக் கொரோனாவுக்குப் பிறகு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்து, எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போதகர் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"அறுப்பின் பண்டிகையிலை உங்களுக்கு ஒரு விருது குடுக்கிறதெண்டு கொமிற்றி முடிவெடுத்திருக்கக்கா. நல்ல சமாரியன் விருது. எட்வேர்ட் மாஸ்ரர்தான் உங்கடை பேரைச் சொன்னவர். கேடயமும் அடிக்கக் குடுத்தாச்சு."

எட்வேர்ட் மாஸ்ரர் எங்கள் சபையின் மூத்த மூப்பர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எனக்கு வேதபாடம் படிப்பித்தவர். போன வருஷம் அவருக்குக் குடலில் இரத்தம் கசிந்து, பெரியாஸ்பத்திரியில் அவசர ஒப்பரேசன் என்றார்கள். அவருடைய இரத்தம் லேசில் கிடைக்காத வகை. சபையின் வட்ஸ்அப்பில் செய்தி போட்டார்கள். என் இரத்தமும் அதே வகை. அடுப்பில் கிடந்த கறியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, பிறேமின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் யாரென்றாலும் போயிருப்பேன்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, மனைவி பியாட்றிஸ் அன்ரி ஒரு கேக்குடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ கர்த்தர் அனுப்பின பிள்ளை" என்று அழுதார். பொய்க்கு அழவில்லை, உண்மையாகவே அழுதார். அதை நான் மறுக்கமாட்டேன். பிறகு பிறேம் சோடா கொண்டுவந்தார். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் குடித்தார். அவர் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. என் இரத்தமும் பையில் அடைத்து, வாய் ஒட்டி, லேபிள் குத்தித்தான் அவர்களிடம் போனது. சோடா மாதிரி. அன்றைக்கு எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? பிறேமிடம் சொன்னால், "விடுமப்பா, ஊர் அப்பிடித்தானே" என்பார். சொன்னேன். அப்படியேதான் சொன்னார்.

"அக்கா, விருது வாங்கேக்கை ஒரு அஞ்சு பத்து நிமிசம் நீங்களும் கதைக்கவேணும். சமாரியன் எண்டால் என்ன, அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது, அதைப்பற்றி" என்று சொல்லிவிட்டுப் போதகர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பிறேம் இன்னும் அந்தச் சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார்.

மறுநாள் மத்தியானம் கடையில் சனமில்லாத நேரம், போனை எடுத்துத் தேடத் தொடங்கினேன். சமாரியன் என்றால் நல்லவன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு போனவன். இதுதான் எனக்குத் தெரிந்தது. எட்வேர்ட் மாஸ்ரரின் வகுப்பில் இதைத்தான் எழுதிச் சரி வாங்கினேன். எங்கள் ஊரில் நல்ல சமாரியன் என்று ஓட்டோவின் பின்னால் எழுதியிருக்கும், மருந்துக்கடைக்குப் பெயர் இருக்கும். யாரும் அதற்குமேல் யோசிப்பதில்லை. நான் வாசிக்க வாசிக்க நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தேன், அடங்கவில்லை. மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன்.

எண்ணெய் வாங்க வந்த குணலட்சுமி அக்கா கதவடியிலேயே நின்றுவிட்டார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

"என்னடி ஜெயந்தினி, தனிய இருந்து சிரிக்கிறாய்? பிசாசு பிடிச்சிட்டுதோ?"

"வாங்கோ அக்கா, வாங்கோ. சமாரியன் எண்டால் ஆர், சொல்லுங்கோ பாப்பம்."

"உதென்ன கேள்வி? நல்ல மனிசன்."

"அது கதையிலை வந்த ஒருத்தன் அக்கா. அந்தப் பேர் நல்ல பேரில்லை. அது ஒரு ஏச்சு. சமாரிய ஆக்களோடை மற்ற ஆக்கள் புழங்கமாட்டினமாம். வீட்டுக்குப் போகமாட்டினம். அவையின்ரை பாத்திரத்திலை ஒரு மிடறு தண்ணிகூடக் குடிக்கமாட்டினம்."

குணலட்சுமி அக்கா போத்தலைக் கவுண்டரில் வைத்தார்.

"அப்ப அவையின்ரை வீட்டிலையும் சோடாதானோ?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரைக்கேறிவிட்டது. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உனக்கு அந்தப் பேரைத் தெரிஞ்சுதான் வைச்சவையோ, தெரியாமலோ?" என்றார். அதுதான் அழகு. தெரியாமல் வைத்திருக்கிறார்கள். என் கோப்பையைத் தொடாத ஆட்கள் எல்லோரும் கொமிற்றி கூடி, யோசித்து, கை உயர்த்தி, யாருடைய கோப்பையைத் தொடமாட்டார்களோ அவனுடைய பெயரையே எனக்குத் தேடிப் பிடித்து, கேடயத்திலும் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்தச் சனத்தாலும் இப்படி ஒரு பிழையை இவ்வளவு சரியாக விட்டிருக்க முடியாது. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இவ்வளவு காலமும் நான் தேடிக்கொண்டிருந்த கொக்கத்தடியை அவர்களே கொண்டுவந்து என் கையில் தந்தமாதிரி இருந்தது. மாங்காயைப் பிடுங்காமல் விடுவேனா?

அன்று பின்னேரமே போதகருக்குப் போன் எடுத்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பின் பண்டிகைக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம், யாராவது ஒருவர் வீட்டில் வீட்டுக்கூட்டம் நடக்கும். பாட்டு, செபம், சின்னப் பிரசங்கம், பிறகு அந்த வீட்டுத் தேத்தண்ணியும் பலகாரமும். அந்தக் கூட்டம் சேர்ச்சடியில் போகாத வீடில்லை. மதகைத் தாண்டி மட்டும் வந்ததில்லை. ஒழுங்கை ஒடுக்கம் என்பார்கள், கார் திருப்ப இடமில்லை என்பார்கள், நுளம்பு கடிக்கும் என்பார்கள். நுளம்புக்கு மதகு எங்கே தெரியும்?

"ஐயா, விருதை நான் வாங்குறன். ஆனால் சேர்ச்சிலை இல்லை. இந்த முறை வீட்டுக்கூட்டத்தை என்ரை வீட்டிலை வையுங்கோ. அங்கை வைச்சுத் தாங்கோ. வாற எல்லாரும் என்ரை குசினியிலை ஊத்தின தேத்தண்ணி குடிக்கவேணும். சோடா கிடையாது."

"அண்டைக்கு நான் சோடா வேண்டாமெண்டு சொல்லேக்கை அண்ணை ஏன் அப்பிடி நிண்டவர் எண்டு இப்பதான் விளங்குது அக்கா" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. கொமிற்றியில் கதைப்பதாகச் சொன்னார். கதைத்தார். சூடாகத்தான் போயிருக்கிறது. கேடயத்தில் பெயர் அடித்தாகிவிட்டது, நோட்டீசும் போட்டாகிவிட்டது. இனி வேண்டாம் என்றால் ஏன் என்று ஊர் கேட்கும். கடைசியில் எட்வேர்ட் மாஸ்ரர், "அவ கேட்டால் போகத்தானே வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனாராம். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று போதகருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பியாட்றிஸ் அன்ரி கடைக்கு வந்தார். வழக்கமாகச் சாமான் எடுக்க வேலைக்காரப் பெண்தான் வரும். அன்ரி குடையை மடக்கி, கவுண்டரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிள்ளை, நாளைக்குச் சனம் கனக்க வரும். நீ ஏன் கிடந்து கஸ்ரப்படப்போறாய்? நாங்களே ரெண்டு பெட்டி சோடா கொண்டுவாறம். உனக்கும் சுகம். போடு பாப்பம் பில்லை."

"சோடா முடிஞ்சுது அன்ரி."

அன்ரி எனக்குப் பின்னால் பார்த்தார். என் தலைக்கு மேல் உயரத்துக்குச் சோடாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"உதிலை கிடக்கெல்லே?"

"ஓம் கிடக்கு. உது உங்களுக்கு முடிஞ்சுது அன்ரி."

அன்ரியின் முகம் சிவந்தது. எனக்கும் அது லேசில்லை, பொய் சொல்லவில்லை. படிப்பித்த ஆளின் மனைவி, சபையின் மாதர் சங்கத் தலைவி. சின்ன வயதிலிருந்து அவரைக் கண்டால் எழும்பி நின்று பழகிய கால் எனக்கு. "உனக்கு இப்ப வாய் கூடிப்போச்சு ஜெயந்தினி" என்றார். "ஓம் அன்ரி, முந்தியும் இருந்தது. இப்பதான் திறக்குது" என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழையுமில்லை, வெய்யிலும் தாழ்ந்துவிட்டது.

பயம் பிடித்தது பிறேமுக்குத்தான். "இஞ்சேரும், ஒருத்தரும் குடியாமல் எழும்பிப் போனால் என்ன செய்வீர்? லவீனாவுக்கு முன்னாலை அவமானமெல்லே? பேப்பர் கப் எண்டாலும் வாங்குவம். அது புதுசு, ஆரும் பாவிக்காதது" என்றார்.

"பேப்பர் கப்பிலை குடிச்சுக் கசக்கி எறிஞ்சுபோட்டுப் போனால், என்ரை வீட்டிலை குடிச்சதெண்டு என்ன அடையாளம்? நாங்கள் கழுவி வைச்ச கோப்பையிலை குடிக்கட்டும். குடிச்ச கோப்பையைப் பிறகு நாங்கள் கழுவுறம்."

அலுமாரிக்குள் கிடந்த எங்கள் கலியாணப் பரிசுக் கோப்பைகளை எடுத்தேன். காணாததுக்குக் குணலட்சுமி அக்காவிடமும் ஒழுங்கையில் மற்ற வீடுகளிலும் வாங்கினேன். பூப்போட்டது, கோடு போட்டது, காது உடைந்தது என்று குசினி முழுவதும் கோப்பை. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு சாட்டைச் சொன்னாள். சாட்டு எங்களுக்குத் தெரியாதா? காலம் காலமாகக் கேட்டது. சீனி வருத்தம் என்பார்கள், அதற்குச் சீனி போடாமல் ஒரு கேத்தில். பால் ஒத்துவராது, அதற்குப் பிளேன்ரீ. தேயிலை நெஞ்செரிக்கும், கஸ்ரிக் என்பார்கள், அதற்கு மல்லித் தண்ணி. இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்பவர்களுக்குச் சின்னக் கோப்பை. கேத்தில்களின் பிடியில் நிறநிறமாக நூல் கட்டி லவீனா அடையாளம் வைத்தாள். பரீட்சைக்குக்கூட அவள் இவ்வளவு ஆயத்தம் செய்து நான் பார்த்ததில்லை.

பச்சைத் தண்ணீரை மட்டும் நான் வைக்கவில்லை. தேத்தண்ணி அடுப்பில் ஏறிக் கொதித்தது, கொதித்தால் பாதித் தீட்டுப் போய்விடும் என்று சனத்தின் மனத்துக்குள் ஒரு சமாதானம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அப்படியில்லை. அப்பாவின் இளவயதில் தேவாலயக் கிணற்றின் கயிற்றை எங்கள் ஆட்கள் தொட முடியாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்கவேண்டும். ஒருநாள் நின்று நின்று பொறுக்காமல் அப்பாவும் சித்தப்பாவும் எங்கள் வளவில் தாங்களே கிணறு வெட்டினார்கள். கல்லுக்கு மேல் கல்லாக உடைத்து இறங்கினார்கள். ஊர் முழுவதும் உப்புச் சவர்த் தண்ணீர், எங்கள் கிணற்றில் மட்டும் கற்கண்டுத் தண்ணீர் வந்தது. இன்றைக்கும் சேர்ச்சடி வீடுகள் குடிதண்ணீரைப் போத்தலில் காசுக்கு வாங்குகின்றன. அந்தப் போத்தலை விற்பதும் நான்தான். மதகைத் தாண்டி ஒரு வாளி அள்ள ஒருவரும் வந்ததில்லை. அந்தத் தண்ணீரை நீட்டிக் குடிக்கச் சொல்ல எனக்கே துணிவு வரவில்லை. தேத்தண்ணி போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு முதலே கதிரைகள் நிறைந்துவிட்டன. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தோம். எட்வேர்ட் மாஸ்ரர் முன்வரிசையில் பொல்லை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு இருந்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு ஆள் நல்லாய் மெலிந்துவிட்டார், வெள்ளைச் சேட்டுத் தோளில் தொங்கியது. பக்கத்தில் பியாட்றிஸ் அன்ரி. படலைக்கு வெளியே அவர்கள் வந்த ஓட்டோ நின்றது. பின் சீற்றில் சாக்குப் போட்டு மூடியபடி ஏதோ இருந்தது. அன்ரி வேறு கடையில் சோடா வாங்கியிருக்கிறார். போத்தல் மூடி தெரிந்தது. நானும் தெரியாததுபோல இருந்துவிட்டேன்.

பாட்டு முடிந்தது, செபம் முடிந்தது. போதகர் கேடயத்தைத் தந்தார், கை தட்டினார்கள். கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கதைக்கத் தொடங்கினேன்.

"சமாரியா எண்டது முதல்லை ஒரு காணிதான். சேமேர் எண்ட ஒருத்தற்றை மலைக்காணி. ஒரு ராசா அதை வாங்கிப் பட்டினம் கட்டினவர். ஆனால் பழைய சொந்தக்காரன்ரை பேரையே வைச்சவர். எங்களுக்கு உது புதினமில்லை. நீங்கள் இப்ப இருக்கிற இந்த நிலத்துக்கும் காணி உறுதியிலை ஆறுமுகத்தார் வளவு எண்டுதான் பேர். ஆறுமுகத்தார் ஆரெண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

கொஞ்சம் சிரித்தார்கள். நான் மூச்சு எடுத்தேன்.

"பிறகு சண்டை வந்து, அந்தச் சனத்தைப் பிடிச்சுக்கொண்டு போச்சினம். வேறை இடத்துச் சனத்தைக் கொண்டுவந்து இருத்திச்சினம். தப்பி நிண்டவையும் வந்தவையும் சேந்து சீவிச்சினம். உடனை மற்றவை சொல்லிச்சினம், உவை கலந்த சனம், சுத்தமில்லை, உவையின்ரை பாத்திரத்திலை வாய் வையாதேங்கோ எண்டு. அவையைக் கேட்டால் வேறை விதமாச் சொல்லுவினம். நாங்கள் பிரமாணத்தைக் காத்து வைச்சிருக்கிற ஆக்கள், எங்கடை பேருக்கு அதுதான் அர்த்தம் எண்டு. இண்டைக்கும் கொஞ்சப் பேர் அந்தப் பக்கத்து மலையிலை இருக்கினமாம், இன்னும் காத்துக்கொண்டு."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்ரரைப் பார்த்தேன்.

"மாஸ்ரர், உங்கடை வகுப்பிலை நான் சமாரியன் எண்டால் நல்ல மனிசன் எண்டு எழுதினனான். நீங்கள் சரி போட்டனீங்கள். அந்தக் காலத்திலை அந்தச் சொல்லைக் கேட்டால் சனம் காறித் துப்பும். ஆண்டவர் கதையைச் சொல்லி முடிச்சுப்போட்டு, இதிலை ஆர் அயலான் எண்டு கேட்டவர். கேள்வி கேட்ட படிச்ச மனிசனுக்குச் சமாரியன் எண்டு வாயாலை சொல்ல ஏலேல்லை. இரக்கம் காட்டினவன் எண்டு சுத்தி வளைச்சுச் சொன்னவர். நீங்கள் அப்பிடியில்லை. நேராச் சொல்லிப்போட்டியள், கேடயத்திலையும் அடிச்சுப்போட்டியள். சரியான பேர். நான் சந்தோசமா வாங்கிக்கொள்ளுறன். இப்ப சமாரியச்சி வீட்டுத் தேத்தண்ணி வருது."

லவீனாவும் எங்கள் பெண்களும் தட்டங்களோடு வந்தார்கள். போதகர் முதலாவதாகக் கையை நீட்டினார். நான் தட்டத்தைத் தள்ளிப் பிடித்தேன். "நீங்கள் பொறுங்கோ ஐயா, நீங்கள் ஏற்கெனவே குடிச்சனீங்கள்." சாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் சீனி வருத்தம் என்றார், பச்சை நூல் கேத்தில் வந்தது. ஒருவர் பால் என்று தொடங்க முதலே லவீனா பிளேன்ரீயை நீட்டினாள். கஸ்ரிக்காருக்கு மல்லித் தண்ணி. ஒரு அம்மா தனக்கு உபவாசம் என்றார். குணலட்சுமி அக்கா, "அப்பிடியெண்டால் வைச்சுக்கொண்டு இருங்கோ, ஆறு மணிக்கு முடிச்சிட்டுக் குடிக்கலாம்" என்று அவருடைய மடியில் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுவதும் எல்லோர் கையிலும் கோப்பை. ஆனால் ஒருவரும் குடிக்கவில்லை. கோப்பைகள் நெஞ்சு மட்டத்தில் நின்றன. எல்லோருடைய கண்ணும் எட்வேர்ட் மாஸ்ரரில் இருந்தது. அவர் குடித்தால் குடிப்பார்கள். அவர் வைத்தால் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள்.

சீனி போடாத தேத்தண்ணியை நானே கொண்டுபோய் அவருக்கு நீட்டினேன்.

"தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை."

போச்சு என்று நினைத்தேன். லவீனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பந்தலின் மூலையில் பிறேம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சீனி போடாதது மாஸ்ரர். மல்லித் தண்ணியும் இருக்கு."

"தெரியும். எனக்குத் தண்ணி தா."

"சுடுதண்ணியோ?"

"இல்லைப் பிள்ளை. உன்ரை கிணத்துத் தண்ணி."

பியாட்றிஸ் அன்ரி அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தார். "இஞ்சருங்கோ, ஒப்பரேசன் செய்த உடம்பு. கொதிக்காத தண்ணி…" என்று காதுக்குள் சொன்னார். ஆனால் பந்தலில் அவ்வளவு அமைதி, கடைசி வரிசைக்கும் கேட்டது.

மாஸ்ரர் பொல்லை ஊன்றி எழும்பினார். "இவள் உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே அந்த ரத்தம் ஊறினது. அது எனக்குள்ளை ஓடேக்கை ஒண்டும் செய்யேல்லை. தண்ணி என்ன செய்யப்போகுது, பியாட்றிஸ்?"

பிறகு என்னைப் பார்த்தார். "உன்ரை அந்த விடைக்கு நான் பிழை போட்டிருக்கவேணும். எனக்கும் சேத்து" என்றார்.

அவர் கிணற்றடிக்கு நடந்தார். நான் முன்னால் ஓடினேன். வாளியை இறக்கினேன், கப்பி கிறீச்சிட்டது. அப்பா போட்ட கப்பி, எண்ணெய் காட்டி எத்தனையோ காலம். நிறைந்த வாளியை இழுத்து, செம்பை அலம்பி, முட்ட முட்ட ஊற்றிக் கொடுத்தேன். கோப்பைகளைப் பிடித்தபடியே சனம் எழும்பிக் கிணற்றைச் சுற்றி வந்து நின்றது. மாஸ்ரர் அண்ணாந்து குடிக்கிற ஆள். வகுப்பில் நாங்கள் பார்த்திருக்கிறோம், செம்பு உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் இருந்து ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றிக் குடிப்பார். செம்பு மேலே போனது. அவருடைய தலைக்கு மேல் போனது. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு கீழே இறங்கி வந்து, அவருடைய உதட்டில் முட்டியது.

வாய் வைத்துக் குடித்தார். மடக் மடக்கென்று குடித்தார். கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. தண்ணீர் தாடையால் வழிந்து வெள்ளைச் சேட்டை நனைத்தது. எனக்குப் பின்னால் யாரோ தேத்தண்ணியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு கிணற்றடி முழுவதும். "இஞ்சை கொஞ்சம் சீனி காணாது" என்று யாரோ ஒருவர் சத்தமாகக் கேட்டார், லவீனா சிரித்துக்கொண்டு ஓடினாள். பிறேம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். என் கண்ணும் நிறைந்துவிட்டது. நான் துடைக்கவில்லை, ஏன் துடைக்கவேண்டும்? படலைக்கு வெளியே ஓட்டோக்காரப் பெடியன் பொறுமையிழந்து சாக்கை விலக்கி ஒரு சோடாவை உடைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

மாஸ்ரர் செம்பை என்னிடம் தரவில்லை. திரும்பி, பியாட்றிஸ் அன்ரியிடம் நீட்டினார். அன்ரி அதை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், வெள்ளிக்கிழமை கடையில் பார்த்த அதே கண்.

"இது காணாது பிள்ளை" என்றார்.

நான் கயிற்றை விட்டேன். வாளி கிடுகிடென்று கீழே இறங்கியது.